குழந்தைக்குக் கை முறிந்தால்: நாட்டுக்கட்டா, மாவுக்கட்டா, கம்பியா?

கொய்யா மரத்திலிருந்து விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போதே வீட்டில் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். பாட்டி, "நாட்டுக்கட்டு போட புத்தூருக்குப் போயிடலாம்" என்பார். அப்பா அரசு ஆஸ்பத்திரி என்பார். மாமா போனில், "தனியாரில் காட்டு, ஆனா ஆபரேஷன்னு சொன்னா உடனே ஒத்துக்காதே" என்பார். நடுவில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.

இந்த வாக்குவாதத்தின் பாதியில்தான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கட்டு பிரித்த பிறகு விறைத்துப்போன மூட்டோடு வரும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதல் நாள் அவசரத்தில் எடுத்த முடிவு என்ன ஆனது என்பதைச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறேன். வளர்ந்தது அரக்கோணம் பக்கம். திருப்பதி போகிற ரயிலில் ஏறினால் வழியிலேயே புத்தூர். என் தாத்தாவின் கால் எலும்பு அங்கே கட்டித்தான் கூடியது. கடைசிவரை வயலில் நடந்தார். ஆகவே நாட்டுக்கட்டு என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான்.

ஆனால் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்கிறேன். 'எந்த வைத்தியம்' என்ற கேள்வியை முதலில் எடுக்காதீர்கள். எந்த எலும்பு, எந்த இடம், பிள்ளைக்கு என்ன வயது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு எக்ஸ்ரே வேண்டும். எங்கே கட்டப் போகிறீர்களோ, எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள், எலும்பு டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிடட்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

இடம். பிள்ளைகளின் நீள எலும்புகள் இரு முனைகளிலும் இருக்கும் வளர்தட்டுகளால் நீள்கின்றன. இரண்டு முனையும் ஒரே அளவு வளர்வதில்லை. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கம் நடக்கிறது, முழங்கைப் பக்கம் 20 சதவீதம்தான். முன்கையில் இது தலைகீழ்: மணிக்கட்டுப் பக்கம்தான் முக்கால் பங்கு வளர்ச்சி. வேகமாக வளரும் முனைக்கு அருகே எலும்பு கொஞ்சம் வளைந்து கூடினாலும், வளர வளர அதுவே நேராகிவிடும். முழங்கையைச் சுற்றி அந்தத் தயவு கிடையாது. கோணலாகக் கூடினால் கோணல்தான்.

வயது. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 16 வயதில் எலும்பு வளர்ச்சி முடிவுக்கு வருகிறது. ஆறு வயதில் மணிக்கட்டு அருகே 15 டிகிரி வளைவு இருந்தால் டாக்டர் சிரித்துக்கொண்டே, "விடுங்க, சரியாயிடும்" என்பார். அதே வளைவு பதினான்கு வயதுப் பையனுக்கு இருந்தால் சொல்லமாட்டார். இன்னொன்று: வளைவு நேராகும், ஆனால் முறுக்கு நேராகாது. எலும்பு தன் அச்சில் திரும்பிக் கூடினால் எந்த வயதிலும் அப்படியே இருந்துவிடும்.

விலகல். குழந்தை எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. வளையும், ஒரு பக்கம் மட்டும் பிளக்கும், சில சமயம் நசுங்கிப் புடைக்கும். எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிமனாக இருப்பதால் முனைகள் பெரும்பாலும் சேர்ந்தே நிற்கும். அப்படி நிற்கின்றனவா, விலகிவிட்டனவா என்பது வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை.

ரத்த ஓட்டமும் நரம்பும். விரல் சூடாக, சிவப்பாக இருக்கிறதா? பிள்ளையிடம் ஒரு விளையாட்டுப் போலச் சொல்லுங்கள்: கையை மூடு, விரி, கத்தரி மாதிரி வெட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டு வளையம் போடு. நாலும் செய்தால் கையின் முக்கிய நரம்புகள் வேலை செய்கின்றன. ஒன்று முடியாவிட்டாலும் அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

திரும்பிப் போக முடியுமா. ஒரு வாரத்தில், மூன்று வாரத்தில், ஆறு வாரத்தில் போக வேண்டியிருக்கும். தினக்கூலி வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செலவை இந்த வரிசையில் நான் வைக்கவில்லை. அது முக்கியமில்லை என்பதற்காக இல்லை. கீழே ஒவ்வொரு வழியிலும் தனியாக வருகிறது, ஏனென்றால் முதல் நாள் கொடுக்கும் பணம் மொத்தச் செலவில் ஒரு துண்டுதான்.

## நாட்டுக்கட்டு

மூலிகை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் சிம்பு. ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும். சிலர் உளுந்து மாவு சேர்ப்பார்கள், கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்களின் எண்ணெய் வேறு. 'புத்தூர் கட்டு' என்ற பலகை இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் தொங்குகிறது. புத்தூரில் கட்டும் பரம்பரைக்கும் அந்தப் பலகைக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை விசாரிக்காமல் நம்பிப் போகாதீர்கள்.

மக்கள் ஏன் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. வரிசை இல்லை, மயக்க மருந்து இல்லை, நம் பாஷையில் பேசுகிறார், கையைத் தொட்டுப் பார்க்கிறார், "கூடிடும், போம்மா" என்கிறார். பயந்துபோன தாய்க்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிது! ஆஸ்பத்திரிகள் இதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

பலருக்குக் கூடியும்விடுகிறது. ஏன் கூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு லேசாக நசுங்கிப் புடைக்கும் முறிவு பிள்ளைகளுக்கு மிகச் சாதாரணம். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையுள்ள 965 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்குச் சிம்பு போன்ற கெட்டியான கட்டு. மற்றப் பிரிவுக்கு வெறும் துணிக்கட்டு, அதுவும் விருப்பப்பட்டால்தான். வலியிலும் குணமாவதிலும் வித்தியாசமே இல்லை. அதாவது இந்த வகை முறிவு எதைக் கட்டினாலும் கூடும், கட்டாவிட்டாலும் கூடும். காறை எலும்பு முறிவும் பெரும்பாலும் இப்படித்தான்: கையைத் துணியில் தொங்கவிட்டால் போதும், ஒரு முண்டு தெரியும், மாதங்களில் கரைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாட்டுக்கட்டில் சரியானது உண்மை. அவனுக்கு எந்த முறிவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது.

நாட்டு வைத்தியர்கள் உண்மையிலேயே கைதேர்ந்தவர்களாக இருக்கும் ஒரு விஷயமும் உண்டு. ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் முழங்கை பிசகும். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசைக்காமல் நிற்கும். பழகிய கை ஒரு திருப்பு திருப்பினால் சரியாகிவிடும், பத்து நிமிடத்தில் பிள்ளை விளையாடப் போய்விடும். டாக்டர்கள் செய்வதும் அதே திருப்புத்தான். ஆனால் பிள்ளை உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, முழங்கை வீங்கியிருந்தாலோ அது பிசகு இல்லை. யாரும் திருப்பக் கூடாது.

சரி, எங்கே கெட்டுப்போகிறது? முழங்கையில்தான். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் அதிகம் வரும் முழங்கை முறிவு, மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு ஒடிவது. அதன் முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. உள்ளே வீக்கம் ஏறும்போது மேலே இறுக்கமாகக் கட்டினால் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். செத்த தசை பிறகு தழும்பாகிச் சுருங்கி விரல்களை மடக்கி இழுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோல்க்மன் 1881இல், இறுக்கமான கட்டுக்குப் பின் வரும் இந்தச் சுருக்கத்தை விவரித்தார். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதே கையோடு என்னிடம் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஒரு பையனை மறக்கவே முடியவில்லை. ஏழு வயது. கட்டு போட்ட இரவு முழுக்க அழுதிருக்கிறான். கட்டியவரிடம் போன் செய்து கேட்டதற்கு, முதல் நாள் வலிக்கத்தான் செய்யும் என்று பதில். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது விரல்கள் மடங்கி, நீலம் பாரித்து. இரண்டு வருடம் அந்தக் கையோடு வேலை செய்தேன். இப்போது பேனா பிடிக்கிறான். சட்டைப் பொத்தான் போட அம்மா வேண்டும்.

இந்தக் கட்டின் கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் பெரியது நாட்கள்தான். பிள்ளை எலும்பு சீக்கிரம் ஒட்ட ஆரம்பித்துவிடும். வளர்தட்டு வழியாகப் போகும் முறிவை ஒரு வாரத்துக்குப் பின் இழுத்து நேராக்கப் போனால் வளர்தட்டே சேதப்படலாம். "பத்து நாள் பார்த்துட்டு சரியாகலைன்னா ஆஸ்பத்திரி போகலாம்" என்ற திட்டம் பெரியவர்களுக்கே ஆபத்து, பிள்ளைகளுக்கு அந்தப் பத்தாவது நாளில் கதவு மூடியிருக்கும். இரண்டாவது, எண்ணெய் போட்டு உருவுவது. அடிபட்ட முழங்கையை உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்வதுண்டு. அதைப் பிரிக்க நான் படும்பாடு கொஞ்சமில்லை, முழுதாக முடிவதுமில்லை. மூன்றாவது, அரைப்பால் தோல் கொப்புளித்துவிட்டால் பிறகு ஆபரேஷன் தேவைப்படும்போது அதையும் தள்ளிப்போட வேண்டிவரும்.

என் முடிவு இது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு டாக்டர் பார்த்து, விலகல் இல்லை, மூட்டு அல்ல என்று சொன்ன மணிக்கட்டு முறிவுக்கு உங்கள் குடும்பம் நாட்டுக்கட்டுத்தான் வேண்டும் என்றால், தளர்வாகக் கட்டச் சொல்லி, உருவாமல், விரல்களைக் கவனித்துக்கொண்டு இருங்கள், சண்டை போடமாட்டேன். முழங்கை என்றால், தோல் கிழிந்திருந்தால், தொடை என்றால், காலில் விழுந்து கேட்கிறேன், வேண்டாம்.

## மாவுக்கட்டு

பிள்ளைகளின் பெரும்பாலான முறிவுகளுக்கு இதுவே போதும். டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தெய்சன் 1852இல் துணியில் மாவைத் தடவி நனைத்துச் சுற்றும் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. இப்போது ஃபைபர் கட்டும் உண்டு. லேசு, தண்ணீருக்குச் சற்றுத் தாங்கும், விலை கூடுதல். எலும்பு கூடுவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளை மாவுக்கட்டு போட்டார்களே என்று வருத்தப்பட வேண்டாம்.

முதல் சில நாட்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பலகை போல வைத்துத் துணி சுற்றுவார்கள். ஸ்லாப் என்பார்கள். "முழுசா கட்டாம அனுப்பிட்டாங்க" என்று கோபப்படாதீர்கள். வீக்கத்துக்கு இடம் விடுகிறார்கள். மேலே நாட்டுக்கட்டில் சொன்ன ஆபத்து முழு மாவுக்கட்டிலும் வரலாம் என்பதால்தான் இந்தக் கவனம். எந்தக் கட்டாக இருந்தாலும் ஒரே விதி: கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், பிள்ளை காரணமில்லாமல் பதறினால், கொடுத்த வலி மருந்து போதாமல் மறுபடி மறுபடி கேட்டால், விரலை நீட்டிவிட்டதும் அலறினால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கட்டைப் பிரிக்க வேண்டும்.

விலகிய எலும்பை மயக்கம் கொடுத்து இழுத்து நேராக்கிக் கட்டுவதும் இந்த வழியில் சேரும். அதில் மறந்துபோகும் விஷயம் ஒரு வாரத்து எக்ஸ்ரே. வீக்கம் வடிந்ததும் கட்டு தளரும், உள்ளே எலும்பு மறுபடி நழுவலாம். முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் திருத்தலாம். பள்ளிக்கூடம், பஸ், சம்பளம் என்று அந்த ஒரு நாளை விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய. மாவுக்கட்டின் உண்மையான விலை இந்தத் திரும்பிவரும் நாட்கள்தான்.

கட்டு எத்தனை நாள்? சின்னப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு மூன்று, நாலு வாரம். முன்கையின் இரண்டு எலும்பும் ஒடிந்தால் ஆறு வாரம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அரிக்கும். ஸ்கேல், பென்சில், பின்னல் ஊசி எதையும் உள்ளே விட அனுமதிக்காதீர்கள். தோல் கிழிந்து சீழ் வைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிரித்ததும் கை மெலிந்து, தோல் உரிந்து, முடி கூடுதலாகத் தெரியும். அம்மாக்கள் பயந்துவிடுகிறார்கள். எல்லாம் தானே சரியாகும். முழங்கை விறைப்பும் பெரும்பாலும் பிள்ளை விளையாட விளையாடப் போய்விடும். என் தொழிலுக்கு எதிராகச் சொல்வது போல இருந்தாலும் சரி: கட்டு பிரித்த குழந்தைகளில் பலருக்கு என்னிடம் வரவே தேவையில்லை. யாராவது பிடித்து இழுத்து நீட்டப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். அடுத்த சில மாதங்களுக்குக் கபடியும் சைக்கிள் சாகசமும் மட்டும் வேண்டாம், முன்கை அதே இடத்தில் மறுபடி ஒடியக்கூடும்.

கட்டு போடும் முன் எக்ஸ்ரேயைப் பற்றி ஒன்று கேளுங்கள்: மேல் மூட்டும் கீழ் மூட்டும் படத்தில் இருக்கிறதா? முன்கையில் ஒரு எலும்பு மட்டும் ஒடிந்ததாகத் தெரியும்போது, இன்னொரு எலும்பின் தலை முழங்கையில் கழன்றிருக்கலாம். இத்தாலியின் மோன்டெஜியா 1814லேயே இதை எழுதிவிட்டார். இன்றும் தவறவிடப்படுகிறது, ஏனென்றால் படம் முழங்கைக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

## கம்பி

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு சந்தேகம் வரும். பிள்ளை தாங்குமா? பணத்துக்காகச் சொல்கிறார்களா? இரண்டாவது சந்தேகம் எல்லா நேரமும் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சில முறிவுகளுக்குக் கம்பிதான் சரியான வழி, அதில் பேச்சுக்கு இடமில்லை.

முழங்கைக்கு மேல் எலும்பு முழுதாக விலகியிருந்தால் முதல் இடம் அதற்கு. எலும்பை நேராக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி தோல் வழியாக இரண்டு அல்லது மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் வெட்டித் திறப்பதே இல்லை. கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலே கட்டு. மூன்று, நாலு வாரத்தில் வெளிநோயாளர் அறையிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். வெறும் கட்டோடு விட்டால் முழங்கை உள்பக்கம் வளைந்து துப்பாக்கிக் கட்டை மாதிரி ஆகும். கை வேலை செய்யும், ஆனால் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் பிள்ளைக்கு அது தெரியும்.

முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ் ஒடிவது இன்னும் தந்திரமானது. அந்த வயதில் அந்தப் பகுதி பெரும்பாலும் குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் ஒரு சின்னத் துணுக்கு மட்டும்தான் தெரியும். "சின்ன விரிசல்" என்று விட்டுவிட்டால் கூடாமலே போகலாம். முழங்கை வெளிப்பக்கம் வளையும். பல வருடங்கள் கழித்து, வேலைக்குப் போகும் வயதில், மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். அப்போது வந்து, "சின்ன வயசுல விழுந்தேன், கட்டு போட்டாங்க" என்பார்கள். இந்த முறிவில் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் கம்பிக்கு ஒத்துக்கொள்ளுங்கள்.

முன்கை, தொடை ஆகியவற்றின் நடுப்பகுதி முறிவுகளுக்கு வளையும் டைட்டானியம் கம்பி. பிரான்சின் நான்சி நகரத்து மருத்துவர்கள் 1980களில் பரப்பிய முறை. எலும்புக்குள் ஒளிந்திருக்கும், வளர்தட்டைத் தொடாது. இதன் மறைவான செலவு இரண்டாவது ஆபரேஷன்: ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுக்க வேண்டும். அதற்கும் மயக்க மருந்து, லீவு, பணம். முதல் நாளே இதைச் சேர்த்துக் கேளுங்கள்.

கம்பி வைத்த இடத்தில் சில பிள்ளைகளுக்கு லேசான தொற்று வரும், மருந்தில் அடங்கும். முழங்கையின் உள்பக்கம் கம்பி போகும்போது நரம்பில் படக்கூடும். பெரும்பாலும் மாதங்களில் மீளும். மயக்க மருந்துக்குத் திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அழுகையை அடக்க வழியில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்துவிட்டால் ஆபரேஷன் இரவுக்குத் தள்ளிப்போகும். விழுந்த பிள்ளைக்கு டாக்டர் பார்க்கும்வரை எதுவும் கொடுக்காதீர்கள்.

செலவைப் பற்றி: சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாம் இந்த வேலையை அன்றாடம் செய்கின்றன. தனியாரில் சேர்த்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட மேசையில், இந்தச் சிகிச்சை சேருமா, அட்டை உடனே வேண்டுமா என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கம்பி வைக்காம கட்டு மட்டும் போட்டா என்ன ஆகும், டாக்டர்?" நல்ல டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்வார். ரத்த ஓட்டம் சரியாக இருந்து, தோல் கிழியாமல் இருந்தால், இன்னொரு டாக்டரிடம் அன்றே காட்ட நேரமும் உண்டு. விரல் வெளுத்திருந்தால், நாடி கிடைக்காவிட்டால் அந்த நேரம் இல்லை.

## தொடை எலும்பு

கையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், ஆனால் இதைக் கேட்காதவர்கள் இல்லை. இங்கே வயதே முடிவு செய்துவிடுகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. பார்க்கப் பரிதாபமாக இருக்கும், டயபர் மாற்றுவது பெரும்பாடு, ஆனால் நன்றாகக் கூடும். ஐந்திலிருந்து பதினொன்றுவரை பெரும்பாலும் வளையும் கம்பி. அதற்கு மேல் கெட்டியான கம்பி. சின்னப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒடிந்த தொடை எலும்பு அந்த வயதில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளரும் என்பதால் டாக்டர்கள் கொஞ்சம் ஏற்றத்தை அனுமதிப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | நாட்டுக்கட்டு | மாவுக்கட்டு | கம்பி |
|---|---|---|---|
| எப்போது சரி | எக்ஸ்ரேயில் விலகல் இல்லை என்று உறுதியான மணிக்கட்டு முறிவு | பெரும்பாலான மணிக்கட்டு, முன்கை முறிவுகள். விலகாத முழங்கை முறிவு. ஐந்து வயதுக்குள் தொடை | விலகிய முழங்கை முறிவு. கட்டில் நிற்காத முன்கை. ஐந்துக்கு மேல் தொடை |
| எப்போது கூடவே கூடாது | முழங்கை, தோல் கிழிந்த முறிவு, தொடை, விரல் மரத்திருந்தால் | ரத்த ஓட்டம் தடைபட்ட கைக்கு இது மட்டும் போதாது | தானே நேராகக்கூடிய லேசான முறிவுக்கு |
| மறைவான செலவு | கைநழுவும் முதல் வாரம், உருவலால் பூட்டும் மூட்டு | ஒரு வாரத்து எக்ஸ்ரே, திரும்பிவரும் நாட்கள், அரிப்பு | மயக்க மருந்து, வளையும் கம்பி என்றால் இரண்டாவது ஆபரேஷன் |
| வீட்டில் கவனிக்க | இறுக்கம், விரல் நிறம், கொப்புளம் | இறுக்கம், ஈரம், உள்ளே போகும் பென்சில் | கம்பி முனையில் சீழ், காய்ச்சல் |

ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் பற்றியும் கேட்பார்கள். தாராளமாகக் கொடுங்கள். பாட்டிக்கும் ஏதாவது செய்த திருப்தி வேண்டும். எந்தக் கட்டானாலும் அது கூட இருக்கலாம், கட்டுக்குப் பதிலாக மட்டும் முடியாது. அப்புறம், நின்ற இடத்தில் தடுக்கி விழுந்தே இரண்டு, மூன்று முறை எலும்பு ஒடிந்த பிள்ளை என்றால் சூப்போடு நிறுத்தாமல் வைட்டமின் டி, எலும்பு வலுவின்மை பற்றிக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

## ஏற்கெனவே நாட்டுக்கட்டு போட்டுவிட்டீர்கள் என்றால்

இப்படிச் சொல்லிக்கொண்டு போன் செய்கிறவர்களின் குரலில் குற்ற உணர்ச்சி இருக்கும். திட்டுவாங்களோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இன்னும் நான்கு நாள் தள்ளுவார்கள். அந்தப் பயம்தான் பிள்ளையின் கையை அதிகம் கெடுக்கிறது. வார்டில் யாராவது கடுமையாகப் பேசினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், எக்ஸ்ரே எடுக்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

இப்போது விரல்களைப் பாருங்கள். வீங்கி, வெளுத்து, மரத்து, வலி ஏறிக்கொண்டிருந்தால் கட்டியவரைத் தேடிப் போக வேண்டாம். துணியை வீட்டிலேயே கத்தரியால் நீளவாக்கில் முழுவதும் வெட்டித் தளர்த்துங்கள், உள் அடுக்குவரை. சிம்பை எடுத்துவிட்டு, கையை இருந்த நிலையிலேயே ஒரு தலையணைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரல்கள் நன்றாக இருந்து, பிள்ளை கட்டோடு விளையாடினால் அவசரம் அவ்வளவு இல்லை. ஆனாலும் கட்டோடேயே எக்ஸ்ரே எடுக்கலாம், நாளைக் காலையில் போங்கள். கட்டு போட்டு எத்தனை நாள் ஆனது, உருவினார்களா, என்ன தடவினார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் வாரத்துக்குள் என்றால் நேராக்க இன்னும் வழி உண்டு. மூன்று வாரம் தாண்டிவிட்டது என்றால், மணிக்கட்டு அருகே இருக்கும் வளைவைப் பெரும்பாலும் வளர்ச்சியின் கையில் விட்டுவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்பார்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.